பதினான்காம் இலக்கம்

நகத்துக்குள் ஏறியிருந்த மஞ்சள் போகவில்லை. புனிதவதி எலுமிச்சம்பழப் பாதியைத் திருப்பிப் பிடித்து, அப்பாவின் வலது பெருவிரலில் மறுபடியும் அழுத்தித் தேய்த்தாள். சாறு விரலிடுக்கில் வழிந்து பாயில் சொட்டியது. மஞ்சள் அப்படியே இருந்தது. மூன்று விரல்களில் நகம் பாதிக்குமேல் உதிர்ந்துபோய், மிச்சம் இருந்தது மழையில் ஊறிய பலகைபோல அடுக்கடுக்காகப் பிளந்து நின்றது.

"விடு புனிதா. இருவத்தாறு வருசமா ஏறுனது. இன்னைக்கு ஒரு நாள்ல எறங்கிருமா" என்றாள் அம்மா வேலாயி. அவள் கணவனின் தலைமாட்டில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். விடிகாலையில் பதுளை ஆஸ்பத்திரியிலிருந்து உடம்பு வந்து இறங்கியதிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூட அவள் குடிக்கவில்லை.

புனிதவதி எலுமிச்சையைக் கீழே வைத்தாள். மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்து, சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி, வெள்ளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்த உடம்பு. ஆனாலும் களைக்கொல்லியான புல் மருந்தின் வாடை, வீடாக இருந்த ஒற்றை அறைக் காம்பராவுக்குள் இருந்தது. அது உடம்பிலிருந்து வரவில்லை என்று அவளுக்குத் தெரியும். முதுகில் சுமக்கும் மருந்து டாங்கியை வேலை முடிந்ததும் ஸ்டோரில் ஒப்படைக்க வேண்டும் என்பது சட்டம். ஸ்டோர் இரண்டு மலை தள்ளி இருந்தது. அதனால் தோட்டத்தின் கீழ்ப்பிரிவான கீழ்க்கணக்கில் மருந்தடிக்கிற எல்லாருடைய டாங்கியும் அவரவர் காம்பராவுக்குள்ளேதான் தூங்கியது. அவள் பாடம் படித்ததும் சோறு தின்றதும் அதற்குப் பக்கத்தில்தான். வேலைக்காகப் பண்டாரவளை டவுனில் அறை எடுத்துத் தங்கிய பிறகுதான், வார முடிவில் வீட்டுக்கு வரும்போதெல்லாம், அந்த வாடை தொண்டையில் பிடிக்கத் தொடங்கியது.

காலையிலேயே தேயிலைத் தோட்டத்து ஆபீஸிலிருந்து பெரிய கிளாக்கர் வந்து போயிருந்தார். பெட்டிக்குச் சொல்லியாச்சு, குழி வெட்ட நாலு ஆளுக்குப் பேர் போட்டாச்சு, மூணு மணிக்குத் தூக்கிரலாம் என்றார். போகும்போது வாசலில் நின்று, "கணபதி கொஞ்சம் குடியக் கொறச்சிருக்கலாம்" என்றார்.

அப்பா தீபாவளிக்கும் காமன் கூத்துக்கும் குடிப்பார். அதுவும் சித்தப்பா ஊற்றிக் கொடுத்தால். கிளாக்கர் தன் வெள்ளைச் சப்பாத்தில் சேறு படாமல் கல் பார்த்துக் கல் பார்த்துக் கால் வைத்துப் போவதைப் புனிதவதி பார்த்துக்கொண்டு நின்றாள்.

பதினொரு மணிக்கு ஜீப் ஒன்று, வரிசை வீடுகளான லயத்துக்குக் கீழே வந்து நின்றது. டாக்டர் கனகசுந்தரம் இறங்கினார். பத்து வருடத்துக்கு முன்பு பார்த்தபோது கறுப்பாக இருந்த தலை முழுக்க நரைத்திருந்தது.

அவர் முதலில் வந்தது தொண்ணூற்றெட்டில். புனிதவதிக்கு அப்போது பதினேழு வயது. தோட்டத்துக் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவில் மேசை போட்டு, மருந்தடிக்கிற ஆட்கள் இருபத்திரண்டு பேரிடமும் ரத்தமும் மூத்திரமும் எடுத்தார்கள். ஆளுக்கு மீன் அடைத்த மாலுபாண் ஒன்றும் ஒரு பைக்கட் பால்மாவும் கொடுத்தார்கள். அப்பா பாணைச் சாப்பிடாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து இவளிடம் கொடுத்துவிட்டு, "என் ரத்தம் இன்னைக்கு யாழ்ப்பாணத்து டாக்டர்கூட ஜீப்புல போகுது" என்று சொல்லிச் சிரித்தார். அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. ஒரு கடிதமும் வரவில்லை. அப்பா மறுநாளும் டாங்கியைத் தூக்கினார்.

இரண்டு மாதத்துக்கு முன்பு, அவள் வேலை செய்யும் ஜௌபர் நானாவின் கொமியுனிகேஷன் கடைக்குக் கம்பஸ் மாணவி ஒருத்தி பிரிண்ட் எடுக்க வந்தாள். இயந்திரத்திலிருந்து வந்த முதல் தாளில், தங்கள் மாகாணத்துப் பெயரான ஊவா என்றும் தேயிலை என்றும் மருந்தடிப்போர் என்றும் இங்கிலிஷில் இருந்தது. எழுதியவர் பெயர் கனகசுந்தரம்.

"இது எங்க கெடைக்கும்?" என்று புனிதவதி கேட்டாள்.

"இன்டர்நெட்ல சும்மா கிடக்கு அக்கா. முந்தி இந்த ஆராய்ச்சி எல்லாம் காசு கட்டினாத்தான் பாக்கலாம். இது புது மாதிரி. ஆரும் எடுக்கலாம்."

மாணவி போனதும் தனக்கு ஒரு பிரதி எடுத்துக்கொண்டாள். அகராதியை வைத்துக்கொண்டு, மதியச் சாப்பாட்டு நேரங்களில், நாலு நாள் வாசித்தாள். நாலாம் பக்கத்தில் ஓர் அட்டவணை. பெயர்கள் இல்லை, இலக்கங்கள்தான். பதினான்கு: ஆண், வயது நாற்பத்திநாலு, மருந்தடிப்பு பதினாறு வருடம், இடது கைச் சுட்டுவிரல் இல்லை. தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியில் அப்பாவுக்குப் போன விரல் அது. அந்த வரிசையில், ரத்தத்தில் ஏறியிருந்த மருந்தின் அளவைக் காட்டிய எண்தான் மற்ற எல்லா எண்களையும்விட மோசமானது. இந்த நபர் உடனடியாக இந்த வேலையிலிருந்து விலக்கப்பட வேண்டியவர் என்று கீழே ஒரு வரி. கடைசிப் பக்கத்தில் இன்னொரு வரி: பங்குபற்றியோர் அனைவருக்கும் அவர்களுடைய முடிவுகள் தெரிவிக்கப்பட்டன.

அந்த வரியை அவள் மூன்று தரம் வாசித்தாள். அகராதியில் பார்க்க வேண்டிய சொல் ஒன்றும் அதில் இல்லை. மேசையில் இருந்த சோற்றுப் பார்சலை மூடிக் குப்பையில் போட்டாள்.

ஆனால் அப்பாவிடம் அவளும் சொல்லவில்லை. அந்த வாரம் வீட்டுக்குப் போனபோது அவர் கால் வீங்கியிருந்தது. தாள் அவள் கைப்பைக்குள் இருந்தது. என்னத்தைச் சொல்வது, எந்த இடத்தில் தொடங்குவது என்று தெரியாமல், கொண்டுபோன தாளைத் திரும்பக் கொண்டுவந்தாள். அடுத்த வாரமும் அப்படித்தான். தாளில் இருந்த ஈமெயில் முகவரியில் டாக்டருக்கு மட்டும் எழுதினாள். இரண்டு வாரம் கழித்துப் பதில் வந்தது. தன் தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்து, அடுத்த மாதம் பதுளைப் பக்கம் வரும்போது அவசியம் வந்து பார்ப்பதாக எழுதியிருந்தார். அடுத்த மாதம் வருவதற்குள் அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். நேற்று இரண்டு சிறுநீரகமும் நின்றுபோயின. இன்று காலை அவள் போன் எடுத்துச் சொன்னபோது டாக்டர் பதுளையில்தான் இருந்தார். உடனே வெளிக்கிடுகிறேன் என்றார்.

"பெரிய டாக்டர் வந்திருக்காரு" என்று முன்திண்ணையான இஸ்தோப்பில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். சித்தப்பா சிவஞானம் ஓடிப்போய் நாற்காலி கொண்டுவந்து துண்டால் துடைத்தார். அவர் கணபதியின் தம்பி. அவரும் அதே மருந்துக் கேங்கில்தான்.

டாக்டர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். வேலாயியின் முன்னால் குனிந்து கைகூப்பினார். பிறகு அப்பாவின் முகத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கண் கலங்கியதைப் புனிதவதி பார்த்தாள். அந்த ஒரு கணத்தில் அவர்மேல் இருந்த கோபம் கொஞ்சம் இளகியது.

"பிள்ளை, ஒருக்கா வெளியில வாரும்" என்றார்.

காம்பராவின் பின்பக்கம், கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் நின்று அவர் தன் பையைத் திறந்தார். உள்ளே சிறிய பிளாஸ்டிக் உறைகள், ஒரு கத்தரிக்கோல், நகவெட்டி, தாள்கள்.

"இதைக் கேக்கிறது எனக்கே ஒரு மாதிரித்தான் இருக்கு. ஆனா பத்து வருசத்துக்குப் பிறகு அதே ஆளின்ர நகமும் மயிரும் கிடைக்கிறது லேசில்லை. கொஞ்சம் போதும். எல்லா விரலிலையும் இருந்து கொஞ்சம் கொஞ்சம். நீர் இதில ஒரு கையெழுத்து வைச்சால் சரி."

புனிதவதி தாளை வாங்கிப் பார்த்தாள். மேலே இலக்கம் என்று போட்ட இடத்தில் ஏற்கெனவே பதினான்கு என்று பேனாவால் எழுதியிருந்தது. ஜீப்பில் வரும்போதே எழுதியிருக்க வேண்டும்.

"இதுக்குத்தான் வந்தீங்களா சார்?"

"இதுக்கும்தான். பிள்ளை, நான் ஒளிக்கேல்லை. இந்த வேலையால எனக்கும் கனக்கக் கரைச்சல். முதல் தரம் போட்ட சஞ்சிகையை எங்கட கம்பஸ் நூலகத்திலயே எடுக்க ஏலாது. அதனாலதான் பிறகு எல்லாத்தையும் விரிவா எழுதித் திறந்த சஞ்சிகையில போட்டனான். இப்ப உலகத்தில ஆரும் வாசிக்கலாம். நீரும் வாசிச்சனீர்தானே?"

"வாசிச்சேன். எல்லாருக்கும் முடிவைச் சொல்லியாச்சுன்னு கடைசியில எழுதியிருக்கீங்க."

அவர் கோழிக்கூட்டைப் பார்த்தார்.

"தோட்டத்துக்கு ஒரு பட்டியல் அனுப்பினனான். அவையள் சொல்லுவினம் எண்டு நினைச்சன்."

"சொன்னாங்களான்னு கேட்டீங்களா?"

"கேக்கேல்லை."

"அப்ப ஏன் சார் அப்படி எழுதுனீங்க?"

"அந்த வரி இல்லாட்டி அவங்கள் பிரசுரிக்கமாட்டாங்கள், பிள்ளை" என்றார் அவர். குரலில் பொய் இல்லை. வெட்கமும் பெரிதாக இல்லை. களைப்புத்தான் இருந்தது. கோழி எச்சத்தின் நாற்றமும் அவர் சட்டையிலிருந்து வந்த பவுடர் வாசனையும் ஒன்றாகக் கலந்து புனிதவதியின் மூக்கில் ஏறியது. அவள் ஓர் அடி தள்ளி நின்றாள். இந்த மனிதரை அருவருப்பதற்கு முன், கைப்பைக்குள் தாளை வைத்துக்கொண்டு இரண்டு மாதம் பஸ்ஸில் போய்வந்த தன்னையும் சேர்த்து அருவருக்க வேண்டும் என்பது அவளுக்கு அப்போது பட்டது.

"நகம் தாறேன்" என்றாள். "நானே வெட்டித் தாறேன். அதுக்கு முன்னாடி முன்னால இருக்கிறவங்ககிட்ட அவங்கவங்க கணக்கச் சொல்லுங்க. அன்னைக்கு ரத்தம் குடுத்தவங்கதான் அங்க உக்காந்திருக்காங்க."

"இப்பவோ? செத்தவீட்டிலயோ?"

"வேற எப்ப வருவீங்க சார்?"

அவர் யோசித்தார். இலக்கமும் பெயரும் உள்ள பட்டியல் இரகசியம், ஒருவருடையதை இன்னொருவருக்கு முன்னால் சொல்லக்கூடாது, அது ஒழுக்க விதி என்றார். அப்படியானால் தனித்தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள் என்றாள். அவர் ஜீப்புக்குப் போய் ஒரு பழைய கோப்பை எடுத்துவந்தார்.

நாற்காலியைக் கொய்யா மரத்தடிக்குக் கொண்டுபோய்ப் போட்டார்கள். இருபத்திரண்டு பேரில் எட்டுப் பேர்தான் இஸ்தோப்பில் இருந்தார்கள். நாலு பேர் கொழும்புப் பக்கம் கடை வேலைக்குப் போய்விட்டார்கள். மற்ற பத்துப் பேரும் செத்துப்போனார்கள், அப்பாவையும் சேர்த்து. அவர்களில் யார் யாருக்கு என்ன வந்தது என்று டாக்டர் கேட்டார். காய்ச்சல் என்றார்கள். வயிற்றுவலி என்றார்கள். ஒருத்தர் வடிகால் கானுக்குள் விழுந்தார் என்றார்கள். மிச்சத்துக்கெல்லாம் குடி. டாக்டர் கோப்பின் ஓரத்தில் குறித்துக்கொண்டார்.

எட்டுப் பேரும் ஒருவர் பின் ஒருவராக நின்றார்கள். யாரும் நிற்கச் சொல்லவில்லை. பெரட்டுக் களத்தில் காலையில் பேர் கூப்பிடும்போது நிற்கிற மாதிரி, துண்டைத் தோளிலிருந்து இறக்கிக் கையில் பிடித்துக்கொண்டு, தாமாகவே நின்றார்கள். டாக்டர் ஒவ்வொருவரிடமும் தாழ்ந்த குரலில் ஒரு நிமிடம் பேசினார். அவர்கள் தலையாட்டினார்கள். "சரிங்கய்யா" என்றார்கள். ஒருத்தர் "ரொம்ப நன்றிங்கய்யா" என்றார்.

சிவஞானம் திரும்பி வரும்போது முகத்தில் ஒரு மாதிரியான சிரிப்பு இருந்தது.

"உங்கப்பாவுக்கு அடுத்தது நான்தானாம்" என்றார்.

"சித்தப்பா, அது நல்ல விசயம் இல்ல."

"தெரியுது. சொன்னாரு." அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். சிரிப்பு இறங்க நேரம் எடுத்தது. பிறகு கொய்யா மரத்தடியைப் பார்த்துச் சத்தமாகவே கேட்டார்: "ஐயா, அப்ப நாளைக்கு நாங்க மருந்தடிக்கப் போறதா, வேணாமா?"

எல்லாரும் டாக்டரைப் பார்த்தார்கள்.

"கையுறை போடவேணும். வாய் மூக்குக்குக் கவசம் போடவேணும். காற்றுக்கு எதிர்ப்பக்கம் நிண்டு அடிக்கக்கூடாது" என்றார் டாக்டர்.

"அதெல்லாம் யாருங்கய்யா குடுப்பா?"

"நீங்கள் தோட்டத்திட்ட கேக்கவேணும்."

கடைசியில் நின்றவர், மருந்து வேலையில் ஒரு நல்லது உண்டு, மத்தியானத்தோடு வீட்டுக்கு வந்துவிடலாம் என்றார். ஆமாம் என்று இரண்டு பேர் ஆமோதித்தார்கள். ஒவ்வொருவராகத் திரும்பிவந்து இஸ்தோப்பில், பழைய இடத்திலேயே உட்கார்ந்தார்கள்.

புனிதவதி சொன்னபடி செய்தாள். உள்ளே போய், அப்பாவின் கையை மடியில் வைத்து, விரல் விரலாக நகவெட்டியை வைத்தாள். அது வெட்டவில்லை. நகம் ஓசையில்லாமல் தூளாகச் சிதைந்து காகிதத்தில் விழுந்தது. காதோரம் இருந்து கொஞ்சம் மயிரும் வெட்டினாள். வேலாயி பார்த்துக்கொண்டிருந்தாள். எதற்கென்று கேட்கவில்லை. உறையை ஒட்டி வெளியே கொண்டுபோய் டாக்டரிடம் கொடுத்தாள். அவர் இரண்டு கையாலும் வாங்கினார்.

பக்கத்துக் காம்பராப் பெண் எல்லாருக்கும் பிளேன்டீ கொண்டுவந்தாள். டாக்டருக்கு மட்டும் சோசருடன் கோப்பை. அவர் வாங்கிக்கொண்டார். மற்றவர்கள் ஊதி ஊதிக் குடித்தார்கள். அவர் கோப்பையைப் பிடித்துக்கொண்டே பேசினார், பிறகு அதை நாற்காலிக்குக் கீழே வைத்தார். விடைபெற்று ஜீப்புக்குப் போனதும் அங்கே ஒரு தண்ணீர்ப் போத்தலைத் திறந்து மடமடவென்று குடித்தார். வழியனுப்பப் போன புனிதவதி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"டீ குடிக்கலீங்களே சார்."

"சீனி வருத்தம் பிள்ளை. எனக்கு இனிப்பு ஆகாது."

"சீனி போடல. செத்த வீட்டுல கருப்பட்டி தனியா குடுப்பாங்க. நீங்க அதையும் எடுக்கல."

அவர் போத்தலின் மூடியைத் திருகினார். அது ஏற்கெனவே இறுகியிருந்தது. மறுபடியும் திருகினார்.

"தண்ணியையும் பாத்தீங்களா?" என்று கேட்டாள் புனிதவதி.

லயத்துக்கு மேலே, தேயிலைச் சரிவின் அடியில், மூங்கில் குழாயிலிருந்து பீலித் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. இருபது குடும்பத்துக்கும் அதுதான்.

"போன வருசம் எடுத்துச் சோதிச்சனாங்கள்" என்றார் டாக்டர், அந்தப் பக்கம் பார்க்காமல்.

"என்னா இருக்கு?"

"பிள்ளை, அது இன்னும் வெளிவரேல்லை. அதுக்கு முதல் நான் சொல்லக்கூடாது. வந்தவுடனை உமக்கு அனுப்புறன். அதையும் திறந்த சஞ்சிகையிலதான் போடுவன்."

அவர் ஜீப்புக்குள் கையை விட்டுத் திறக்காத போத்தல் ஒன்றை எடுத்து அவள் கையில் வைத்தார். ஜீப் கல்ரோட்டில் குலுங்கிக் குலுங்கிக் கொஸ்லந்தைப் பக்கம் இறங்கியது. போத்தல் குளிர்ச்சியாக இருந்தது. எறிந்துவிடத்தான் முதலில் தோன்றியது.

மூன்று மணிக்குத் தப்பு அடித்து உடம்பைத் தூக்கினார்கள். சிவஞானம் முன்னால் நெருப்புச் சட்டியுடன் நடந்தார். பெண்கள் லயத்தின் முடக்குவரை போய், அங்கே நின்று அழுதுவிட்டுத் திரும்பினார்கள். காம்பராவைக் கழுவிவிட்டார்கள். பாயைச் சுருட்டிக் கொண்டுபோய் எரித்தார்கள். வேலாயி ஈரத் தரையிலேயே, அதே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். வெகுநேரம் கழித்து வாயைத் திறந்தாள்.

"தொண்ட காயுது புனிதா. கொஞ்சம் தண்ணி குடு."

மூலையில் குடம் நிறைய இருந்தது. காலையில் புனிதவதியே பீலியில் பிடித்துவந்தது. அவள் செம்பை எடுத்தாள். குடத்துக்கிட்டே போய் நின்றாள். பிறகு ஜன்னலில் வைத்திருந்த போத்தலை எடுத்து, மூடியைத் திறந்து, செம்பில் ஊற்றிக் கொடுத்தாள்.

வேலாயி ஒரு மிடறு குடித்தாள். வாய்க்குள் வைத்துப் பார்த்தாள்.

"இது என்னா தண்ணி?"

"டாக்டர் குடுத்துட்டுப் போனாரு."

"சப்புன்னு இருக்கு" என்று வேலாயி செம்பைத் தள்ளி வைத்தாள். "ஒரு ருசியும் இல்ல. நம்ம தண்ணியக் குடு."

புனிதவதி குடத்துக்கும் அம்மாவுக்கும் நடுவில் நின்றாள். வெளியே குழி மூடிவிட்டு வந்தவர்களின் பேச்சுச் சத்தம் கேட்டது. ஜன்னல் வழியே பீலிக்கரை தெரிந்தது. சிவஞானம் முதலில் குனிந்து, கை கால் கழுவி, முகத்தில் அடித்துக்கொண்டு, இரண்டு கையையும் குவித்து ஏந்திக் குடித்துவிட்டு நகர்ந்தார். அவருக்குப் பின்னால் மற்றவர்கள் வரிசையாக நின்றார்கள்.